கூலிகளாகப் போன தீவுக்கு விருந்தாளியாகப் போகிறீர்களா? கறிவேப்பிலைக் கன்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்!

புதுச்சேரி நல்லவாட்டிலிருந்து ஒரு வாசகர், கேள்வி-பதில் பகுதிக்குக் கடிதம் எழுதியிருந்தார். கடற்கரையை ஒட்டி இரண்டு ஏக்கரில் தென்னையும் சவுக்கும் வைத்திருப்பவர்.

‘என் தங்கை குடும்பம் ரீயூனியன் தீவில் இருக்கிறது. மாப்பிள்ளை பிரெஞ்சு பாஸ்போர்ட்காரர். வருகிற ஜூலையில் எங்களை வரச் சொல்கிறார்கள். அது எரிமலைத் தீவாமே, அங்கே விவசாயம் எப்படி நடக்கிறது? தங்கச்சி ஒரு கறிவேப்பிலைக் கன்றும் கொஞ்சம் முருங்கை விதையும் கேட்கிறாள், கொண்டுபோகலாமா? திரும்பும்போது அந்த ஊர் கரும்புக் கரணையும் வனிலா கொடியும் எடுத்துவர முடியுமா?’

‘முடியாது’ என்று ஒரே வரியில் பதில் போட்டுவிடலாம். ஆனால், ஏன் முடியாது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அதோடு, புதுச்சேரி விவசாயி ஒருவர் போய்ப் பார்க்க வேண்டிய வெளிநாடு ஒன்று உண்டு என்றால், அது பாரிஸைவிட ரீயூனியன்தான்.

இந்தியப் பெருங்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே, மொரீஷியஸுக்குத் தென்மேற்கே இருக்கிறது இந்தத் தீவு. பரப்பளவு 2,512 சதுர கிலோமீட்டர். பாகூர், வில்லியனூர் எல்லாம் சேர்ந்த நம் புதுச்சேரிப் பகுதியைப்போல எட்டு மடங்குக்கு மேல். மக்கள்தொகை சுமார் 9 லட்சம். 1946-லிருந்து பிரான்ஸின் ஒரு மாவட்டமாகவே நடத்தப்படுகிறது, செலாவணி யூரோ. மொரீஷியஸ் வழியாகவோ பாரிஸ் வழியாகவோ போகலாம். மொரீஷியஸிலிருந்து விமானத்தில் முக்கால் மணி நேரம்தான். பாரிஸிலிருந்து 11 மணி நேரம். மாப்பிள்ளைக்கு விசா தேவையில்லை. இந்திய பாஸ்போர்ட்டில் போகிற நம் வாசகர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரான்ஸ் மண் என்றாலும், ரீயூனியன் ஷெங்கன் எல்லைக்குள் வராது. பாரிஸுக்கு வாங்கிய ஷெங்கன் விசாவைக் காட்டி அங்கே இறங்க முடியாது. விண்ணப்பிக்கும்போதே ரீயூனியன் என்று சொல்லித்தான் வாங்க வேண்டும். பாரிஸ் வழியாகப் போவதென்றால் அதற்குத் தனியாக என்ன தேவை என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நெருப்புக்குப் பக்கத்தில் நிலம்

தீவில் இரண்டு பெரிய எரிமலைகள். வடக்கே உள்ள பித்தோன் தே நேழ் 3,070 மீட்டர் உயரம். அணைந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகிவிட்டன. தெற்கே உள்ளது பித்தோன் த லா ஃபுர்னேஸ், 2,632 மீட்டர். ‘உலை மலை’ என்று பொருள். உலகிலேயே அடிக்கடி குமுறும் எரிமலைகளில் இதுவும் ஒன்று. ஆனால், வெடித்துச் சிதறும் ரகம் இல்லை. பாகு காய்ச்சும் கொப்பரை பொங்கி வழிவதுபோல, குழம்பு வழிந்து ஓடும். பெரும்பாலும் ஆளில்லாத சரிவில் ஓடிக் கிழக்குக் கடலில் விழும். 2007 ஏப்ரலில் வழிந்த குழம்பு நெடுஞ்சாலையை அறுத்துக்கொண்டு கடலுக்குள் இறங்கியது. உச்சியில் இருந்த குழி சுமார் 300 மீட்டர் உள்வாங்கியது.

1977-ல் கணக்குத் தப்பியது. வழக்கமான சரிவைத் தாண்டி, சேந்த் ரோஸ் பகுதியில் ஊருக்குள்ளேயே நெருப்புக் குழம்பு வந்தது. வீடுகள் எரிந்தன. ஒரு மாதா கோயிலின் வாசல் வரை வந்த குழம்பு, இரு பக்கமும் பிரிந்து சுற்றிக்கொண்டு போயிற்று. கோயில் இன்றும் நிற்கிறது. சுற்றிலும் கறுத்த பாறை. இந்த அடிக்குப் பிறகுதான் எரிமலையைக் கண்காணிக்க நிலையம் அமைத்தார்கள். நிலம் அதிர்வதையும் வீங்குவதையும் கருவிகள் பதிவுசெய்ய, இப்போது முன்கூட்டியே பாதையை அடைத்துவிடுகிறார்கள். எச்சரிக்கையின் அருமையை நல்லவாட்டுக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு தொலைபேசித் தகவலை, கிராம அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்து, சுனாமிக்கு முன்பே ஊரை வெளியேற்றிய கிராமம் அது.

குழம்பு ஆறிய பாறையில் முதலில் சாம்பல் நிறப் பாசி படர்கிறது. பிறகு பெரணி. அப்புறம் செடி, கொடி, மரம். ஈரம் அதிகமுள்ள கிழக்குச் சரிவில் இது நம் கண் முன்னேயே நடக்கும். எந்த ஆண்டுக் குழம்பு என்று பலகை வைத்திருக்கிறார்கள். 1977 பாறைக்கும் 2007 பாறைக்கும் உள்ள வித்தியாசம் பச்சையிலேயே தெரியும்.

‘எரிமலை மண் என்றால் பொன் விளையும்’ என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். மேட்டுப் பகுதிகளில் எரிமலைச் சாம்பல் மண். கையில் எடுத்தால் பஞ்சுபோல லேசாக இருக்கும், தண்ணீரை நன்றாகப் பிடித்து வைக்கும். ஆனால், புளிப்புத் தன்மையுள்ளது. போடுகிற மணிச்சத்தைப் பயிருக்குக் கொடுக்காமல் தன்னோடு கட்டிப்போட்டுவிடும். கீழ்ச் சரிவுகளில் காலடிக்கு ஒரு கல். கல் பொறுக்குவதே அங்கே நிலம் திருத்துவது. டிராக்டர் ஏற முடியாத சரிவுகளில் இன்னமும் கையரிவாள்தான்.

மழையோ வேறு கணக்கு. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் கடைசியில் புதுச்சேரியில் ஒரே நாளில் கொட்டியது 50 சென்டிமீட்டரை ஒட்டி. அதிலேயே ஊர் மிதந்தது. ரீயூனியனில் ஃபோக்-ஃபோக் என்ற மேட்டில் 1966 ஜனவரியில் 24 மணி நேரத்தில் 182 சென்டிமீட்டர் பெய்தது. இன்று வரை அதுதான் உலக சாதனை. நம் ஊரில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்வதைவிட அதிகம். இவ்வளவு பெய்தும் மேற்குக் கரை காய்ந்து கிடக்கும். காற்று கொண்டுவரும் மேகத்தைக் கிழக்கு மலையே வாங்கிக்கொள்கிறது. அதனால், 1989-ல் தொடங்கி, மலையைக் குடைந்து சுமார் 30 கிலோமீட்டர் சுரங்கம் போட்டுக் கிழக்குத் தண்ணீரை மேற்குக்குத் திருப்பினார்கள். சொர்ணாவூர் அணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்குத் தண்ணீர் வருவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த வேலையின் அளவு புரியும். பாறைக்குள் ஊற்று உடைத்துக்கொண்டு வேலை பலமுறை தடைப்பட்டது. முடிக்கக் கால் நூற்றாண்டு ஆனது.

கரும்பும், சக்கைக்குக் கிடைக்கும் காசும்

தீவின் முதன்மைப் பயிர் கரும்பு. 19-ம் நூற்றாண்டில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆலைகள் இருந்த இடத்தில், இன்று இரண்டே இரண்டு: வடகிழக்கில் புவா ரூழ், தென்மேற்கில் லெ கோல். அரவை ஜூலையில் தொடங்கி டிசம்பர் வரை ஓடும். நம் வாசகர் போகிற ஜூலையில் வெட்டு ஆரம்பித்திருக்கும். ஒரு விவசாயிக்குச் சராசரியாக ஏழெட்டு ஹெக்டேர். ஒருமுறை நட்டால் ஏழு முதல் பத்து ஆண்டுகள் வரை மறுதாம்பு விடுகிறார்கள். இரண்டு மறுதாம்புக்கு மேல் யோசிக்கிற நம் விவசாயிகள், இதை அங்கே நேரில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

பணம் கொடுக்கும் முறையைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். இந்தியாவில் மத்திய அரசின் விலை, ஆலையின் சராசரி சர்க்கரைக் கட்டுமானத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. 10.25 சதவிகிதம் அடிப்படை. உங்கள் கரும்பு நன்றாக முற்றியிருந்தாலும், பக்கத்து வயல்காரர் பிஞ்சாக வெட்டிக் கொடுத்தாலும் ஒரே விலை. ரீயூனியனில் எடை போடும் இடத்திலேயே விவசாயி வாரியாக மாதிரி எடுத்துச் சோதிக்கிறார்கள். 13.8 என்ற சர்க்கரை அளவை அடிப்படையாக வைத்து, அதற்கு மேல் போனால் விலை ஏறும், கீழே போனால் இறங்கும். சோதிப்பது ஆலை மட்டுமல்ல. விவசாயிகளும் ஆலைகளும் சேர்ந்த தொழில்நுட்ப அமைப்பு ஒன்று. இதோடு முடியவில்லை. 1992-ல் புவா ரூழிலும், 1995-ல் லெ கோலிலும் கரும்புச் சக்கையை எரிக்கும் மின் நிலையங்கள் வந்தன. அந்த மின்சாரத்தின் கணக்கில், சக்கைக்கென்று ஒரு தொகை விவசாயிக்கும் போய்ச்சேருகிறது. சக்கை யாருக்குச் சொந்தம் என்று நம் பக்கத்திலும் கேட்க வேண்டிய கேள்விதான்.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். இது முழுக்கச் சந்தை பலத்தில் நடப்பதல்ல. பிரெஞ்சு அரசும் ஐரோப்பிய ஒன்றியமும் கொடுக்கிற மானியம் இல்லையென்றால் இரண்டு ஆலைகளும் ஓடாது. 2017-ல் ஐரோப்பா சர்க்கரை ஒதுக்கீட்டு முறையை எடுத்தபோது தீவே கலங்கியது. ஆலை நின்றால் கரும்புக்காரன் கதி என்ன என்பது புதுச்சேரி விவசாயிக்குத் தெரியாததா?

ரகம் உருவாக்குவதிலும் தீவு கெட்டி. 1929-லிருந்து அங்கே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அவர்கள் உருவாக்கிய ‘ஆர் 570’ ரகத்தைத்தான், கரும்பின் மரபணு வரைபடம் தயாரிக்க உலக விஞ்ஞானிகள் எடுத்துக்கொண்டார்கள்.

புதுச்சேரியிலிருந்து போன கப்பல்கள்

இந்தக் கரும்பை வெட்டியது யார்? ரீயூனியனில் 1848 டிசம்பர் 20 அன்று அடிமை முறை ஒழிந்தது. விடுதலை பெற்ற ஆப்பிரிக்கர்கள் பலர் தோட்டங்களை விட்டு வெளியேற, முதலாளிகளின் பார்வை புதுச்சேரி, காரைக்கால் பக்கம் திரும்பியது. அதற்கும் முன்பே, 1828-ல் ஏனாமிலிருந்து சிலரைக் கொண்டுபோய்ப் பார்த்திருந்தார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம் என்று சொல்லி ஏற்றினார்கள். பிரெஞ்சுப் பகுதி ஆட்கள் மட்டுமல்ல; சுற்றியிருந்த ஆங்கிலேயர் பகுதியிலிருந்தும், பஞ்சம் பிழைக்க வந்தவர்கள் இந்தத் துறைமுகங்களில் கப்பல் ஏறினார்கள். 1860-ல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஒப்பந்தம் போட்டு இதை முறைப்படுத்தினார்கள். தொழிலாளர்களை நடத்தும் விதம் பற்றிப் புகார்கள் குவிய, 1882-ல் ஆங்கிலேய அரசு ஆள் எடுப்பதை நிறுத்தியது. அதற்குள் போனவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

கப்பல் போய்ச் சேர்ந்ததும் நேராகத் தோட்டத்துக்கு விட மாட்டார்கள். தலைநகர் சான் தெனிக்குப் பக்கத்தில், மலை இடுக்கில் க்ராந்த் ஷலூப் என்ற இடம். காலரா, அம்மை எதுவும் தீவுக்குள் வரக் கூடாது என்று அங்கே அடைத்து வைத்துப் பார்ப்பார்கள். ஆளுக்கொரு எண், அந்த எண்ணோடு பெயரையும் பதிவேட்டில் எழுதிக்கொள்வார்கள். அந்தக் கட்டடம் புதுப்பிக்கப்பட்டு, இப்போது பார்வைக்கு இருக்கிறது. தங்கை வீட்டுக்குப் போகிறவர்கள் எரிமலைக்கு முன்னால் ஒருமுறை இங்கே போய் நிற்க வேண்டும். அந்தப் பதிவேடுகளில் இருப்பவர்கள் பாகூர், கடலூர், விழுப்புரம், தஞ்சாவூர்ப் பக்கத்துச் சனங்கள்தான். விவசாயக் கூலிகள்.

ஒப்பந்தம் முடிந்து திரும்பியவர்கள் உண்டு, தங்கியவர்களும் நிறைய. அப்பன் பெயராக இருந்த ராமசாமி, அங்கே குடும்பப் பெயராகிவிட்டது. சோழமண்டலக் கரையிலிருந்து போனவர்களுக்கு ஊர் வைத்த பெயர் ‘மல்பார்’! தென்னிந்தியர் எல்லோரையும் மலபார் என்று சொல்லும் அந்தக் கால ஐரோப்பிய வழக்கம் அப்படியே நின்றுவிட்டது. ஆப்பிரிக்க வம்சாவளியினர், குஜராத்தி முஸ்லிம்கள், சீனர்கள், மலைமேட்டு ஏழை வெள்ளையர்கள் என எல்லோரும் சேர்ந்து வாழும் ஊர் அது. வீட்டு மொழி எல்லோருக்கும் கிரியோல். தமிழ் பேச்சில் போய்விட்டது. பாட்டையும் மந்திரத்தையும் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துப் படிக்கிறார்கள். நம் வாசகர் அங்கே ஒரு மாரியப்பனைப் பார்த்துத் தமிழில் வணக்கம் சொல்லி, அவர் பிரெஞ்சில் பதில் சொன்னால் வருத்தப்படக் கூடாது.

ஆனால், சாமி போகவில்லை. பாஞ்சாலியை அங்கே ‘பந்தியாலே’ என்கிறார்கள். 18 நாள் விரதம் இருந்து தீ மிதிக்கிறார்கள். நம் பக்கத்துத் திரௌபதியம்மன் கோயில் தீமிதியைப் பார்த்தவர்களுக்கு, எதையும் விளக்க வேண்டியிருக்காது. தைப்பூசக் காவடியும் உண்டு. கிழக்கே சான்தாந்த்ரே ஊரில் தீபாவளி நகரத் திருவிழாவாகவே நடக்கிறது.

மொழி போனாலும் காய்கறிப் பெயர்கள் போகவில்லை. மேற்குக் கரையில் சான் போல் ஊரின் கடற்கரைச் சந்தை வெள்ளிக்கிழமை கூடும். பீர்க்கங்காய் அங்கே ‘பிபங்காய்’. கொத்தமல்லி ‘கொத்தோமிலி’. முருங்கைக் கீரை ‘ப்ரேத் முரூங்’. கெட்டிச் சட்னிபோல ஒன்று, பெயர் ‘ருகாய்’. ஊறுகாய்தான் அப்படி ஆயிற்று என்கிறார்கள். நாம் சௌசௌ என்பதை அவர்களும் ‘ஷூஷூ’ என்கிறார்கள். சலாஸி என்ற மலைப்பள்ளத்தில், பந்தலில் விடிய விடிய வளரும் அது. காய், கொழுந்து, கிழங்கு எல்லாமே சமையலுக்கு. தெற்கே வாசனை எண்ணெய்க்காகப் பயிரிடும் ‘வெத்திவேர்’, தமிழிலிருந்து பிரெஞ்சுக்குப் போன வெட்டிவேர். மூன்று வேளையும் சோறு சாப்பிடும் ஊர்தான், ஆனால் நெல் கிடையாது. அரிசி முழுக்கக் கப்பலில் வருகிறது.

12 வயதுச் சிறுவன் கற்றுக்கொடுத்தது

வனிலா கேட்டிருக்கிறார் வாசகர். அது மெக்ஸிகோவின் கொடி. ரீயூனியனுக்கு வந்து இருபது ஆண்டுகள் ஆகியும் காய்க்கவில்லை. மகரந்தம் சேர்க்கிற பூச்சி அங்கே கிடையாது. 1841-ல் சேந்த் சூசான் என்ற ஊரில், எட்மோன் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் வழி கண்டுபிடித்தான். பூவுக்குள் ஆண் பாகத்துக்கும் பெண் பாகத்துக்கும் நடுவே உள்ள மெல்லிய மடலை ஒரு குச்சியால் தூக்கி, கட்டை விரலால் மகரந்தத்தை அழுத்த வேண்டும். அவ்வளவுதான். இன்று மடகாஸ்கரிலும் பொள்ளாச்சியிலும் இடுக்கியிலும் வனிலா காய்ப்பது இந்த முறையால்தான். தீவு அதில் பெரும் பணம் பார்த்தது. எட்மோன் அல்பியுஸ் விடுதலை பெற்ற பிறகும், 1880-ல் ஏழையாகவே செத்தார்.

பூ விடியலில் விரியும், மதியத்துக்குள் வாடும். அதற்குள் கை வைக்க வேண்டும். காய் முற்ற எட்டு ஒன்பது மாதம். பிறகு வெந்நீரில் முக்கி, போர்த்தி வியர்க்க வைத்து, உலர்த்தி, பெட்டியில் மாதக்கணக்கில் பதப்படுத்தினால்தான் மணம். 2003 வாக்கில் விலை உச்சத்துக்குப் போனபோது நம் பக்கத்தில் ஆசைப்பட்டுப் போட்டவர்கள், விலை விழுந்ததும் கொடியைப் பிடுங்கி எறிந்த கதை பழைய வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். கொடி தேவை என்றால் கேரளத்திலேயே கிடைக்கிறது. நல்லவாட்டு உப்புக் காற்றுக்கும் மணலுக்கும் அது தோது இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கன்றுக்குள் என்ன போகிறது?

இனி கறிவேப்பிலைக் கன்று. எலுமிச்சை, ஆரஞ்சுக் கொழுந்தில் சாறு உறிஞ்சும் ஒரு சிறு பூச்சி உண்டு. ‘கிரீனிங்’ நோயை மரத்துக்கு மரம் பரப்புவது அதுதான். அந்தப் பூச்சி கறிவேப்பிலையிலும் குடியிருக்கும். கொழுந்தில் முட்டை இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. ரீயூனியனின் ஆரஞ்சுத் தோட்டங்களை ஒரு காலத்தில் இந்த நோய் அழித்தது. அப்போது உதவிக்குப் போனது நம் நாட்டுக் குளவி! டமாரிக்சியா ரேடியேட்டா என்ற கொசு அளவுகூட இல்லாத ஒட்டுண்ணியை, 1978-ல் இந்தியாவிலிருந்து வரவழைத்து விட்டார்கள். பூச்சி கட்டுக்குள் வந்தது. உயிரியல் முறைக்கு உலகம் எடுத்துக்காட்டாகச் சொல்லும் சம்பவங்களில் அதுவும் ஒன்று.

கரும்பிலும் இதே பாடுதான். 1970-களில் மடகாஸ்கரிலிருந்து ஒரு வண்டு தெரியாமல் வந்துசேர்ந்தது. அதன் வேர்ப்புழு 1980-களின் தொடக்கத்தில் கரும்பை வேரோடு சாய்த்தது. மருந்துக்கு அடங்காமல், கடைசியில் ‘பிவேரியா’ வகைப் பூஞ்சணத்தை மண்ணில் போட்டுத்தான் அடக்கினார்கள். நம் விவசாயிகள் பிவேரியா பேசியானா என்று வாங்கிப் போடுவதற்கு அது பங்காளி. 2017-ல் ஆசியப் பழ ஈ வந்து இறங்கியது. மாம்பழக்காரர்கள் இன்னும் தலையில் கை வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே, விமான நிலையத்தில் கெடுபிடி அதிகம். செடி, விதை, பழம், காய், மண் ஒட்டிய வேர் எதுவாக இருந்தாலும், தாவர நலச் சான்று இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். சிலவற்றுக்குச் சான்று இருந்தாலும் தடை. முருங்கை விதைக்கும் இதேதான். சான்று விவரங்களைச் சென்னை மீனம்பாக்கத்தில் உள்ள மண்டலத் தாவரத் தொற்றுத்தடுப்பு நிலையத்தில் கேட்கலாம். திரும்பும் வழியிலும் அப்படியே. இந்தியாவின் 2003-ம் ஆண்டுத் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி, இறக்குமதி அனுமதி இல்லாமல் ஒரு கரணைகூடக் கொண்டுவரக் கூடாது. வெளிநாட்டுக் கரும்பு வருவதென்றால் ஆராய்ச்சி நிறுவனங்கள் வழியாக, தனிமைப்படுத்தி வளர்த்துச் சோதித்த பிறகுதான். பதப்படுத்திய வனிலா காய், வெட்டிவேர் எண்ணெய் போன்றவற்றைக் கடையில் ரசீதோடு வாங்கி வாருங்கள். வயலில் நடந்த செருப்பைக் கழுவிவிட்டுப் பெட்டியில் வையுங்கள்.

எரிமலை பார்க்கப் போகும் நாளில் விடியலிலேயே கிளம்புங்கள். பத்து மணிக்கெல்லாம் மேகம் மூடிவிடும். பெல்கோம்ப் என்ற இடம் வரை கார் போகும், 2,300 மீட்டர் உயரம். பிறகு படியிறங்கி, ஆறிய குழம்பின் மேல் நடை. உச்சிக் குழி வரை போய்வர ஐந்து மணி நேரம் ஆகும். ஜூலை அங்கே குளிர்காலம், காலையில் கை விறைக்கும். ஸ்வெட்டர் இல்லாமல் போக வேண்டாம்.

தங்கச்சிக்கு ஒரு தகவல்: சான் போல் சந்தையில் ‘கலூபிலே’ என்று கேட்கச் சொல்லுங்கள். அந்தக் காலத்துக் கப்பல்காரர்கள் கொண்டுபோன கறிவேப்பிலை அங்கே அந்தப் பெயரில்தான் கட்டுக்கட்டாக விற்கிறது.